இரும்பு நகரின் பழைய ஆடுகளம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்தில், பேர்மிங்காம் நகரின் மேற்குப் புறத்தில் பழைய விளையாட்டரங்கு ஒன்று உண்டு. அதன் பெயர் ரிக்வூட் மைதானம். அமெரிக்கர் தம் தேசிய ஆட்டமெனக் கொண்டாடும் பேஸ்போல், அதாவது தளப்பந்தாட்டம், அங்கே 1910ஆம் ஆண்டு தொடக்கம் ஆடப்பட்டு வந்திருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரருக்கென அந்நாட்டில் எழுப்பப்பட்ட தளப்பந்தரங்குகளுள் அழியாது எஞ்சியவற்றில் வயதால் மூத்தது இதுவே. பொஸ்ரன் நகரின் பென்வே அரங்கு 1912இலும், சிக்காகோவின் ரிக்லி அரங்கு 1914இலும் தோன்றியவை. அவையிரண்டும் உலகறிந்தவை, பெருநகரங்களின் செல்வத்தால் பேணப்பட்டவை. ரிக்வூட்டோ வெறும் உள்ளூர் மைதானம். பெரிய லீக் என்று அக்காலத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட குழு எதுவும் அதனைத் தன் இருப்பிடமாகக் கொண்டதில்லை. ஆயினும் அந்நாட்டில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஊரில் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு சேர்ந்து வாழ மறுத்தனர் என்பதை அதன் படிக்கட்டுகளும் வேலிகளும் கூறுமளவுக்குத் தெளிவாக வேறு எந்த மைதானமும் கூறாது.

தளப்பந்தாட்டம் நம் நேயர்களுக்கு முற்றிலும் புதியதன்று. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இலங்கைக் கிராமங்களில் ஆடப்படும் எல்லே ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதன் போக்கை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒருவர் பந்தை எறிவார். மற்றவர் உருண்டையான மட்டையால் அதனை அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவார். திரும்பினால் ஓர் ஓட்டம். பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் அவர் எவருக்கும் அஞ்சாது நிதானமாகவே சுற்றி வரலாம். அதனை ஹோம் ரன் என்பர். கிரிக்கெட்டில் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கிற் குவியும். இங்கே ஒன்பது இன்னிங்ஸ் முழுவதும் ஆடி ஒன்றுக்குச் சைபர் என்று முடியும் ஆட்டங்களும் உண்டு. அதனால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பொன்னின் மதிப்பு.

பேர்மிங்காம் பழைய நகரமன்று. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1871இலே நிறுவப்பட்டது. இரும்புக் கனிமமும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே வட்டாரத்திற் கிடைத்தமையால், ஆங்கில நாட்டின் தொழில் நகரொன்றின் பெயரையே சூட்டிக்கொண்டு அது மந்திரத்தால் எழுந்ததுபோல் வளர்ந்தது. "மாய நகரம்" என்ற பட்டமும் அதனாலேயே வந்தது. உலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை தேடிப் பருத்தித் தோட்டங்களிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். உலை வாயிலில் வெப்பம் இரு நிறத்தாரையும் ஒருபடியாகவே சுட்டது. உலைக்கு வெளியே எல்லாம் இரண்டிரண்டாகவே இருந்தன: பாடசாலை இரண்டு, நீர்க்குழாய் இரண்டு, இடுகாடும் இரண்டு. 1901ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு கறுப்பரின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்துவிட்டிருந்தது.

இந்நகரில் இரும்புத் தொழிலதிபர் குடும்பமொன்றிற் பிறந்தவர் அலன் ஹார்வி வூட்வேர்ட். நண்பர்கள் அவரை ரிக் என்றே அழைத்தனர். தளப்பந்தாட்டத்தில் அவருக்கிருந்த மோகம் குடும்பத் தொழிலில் இருந்ததோ என்பது ஐயம். நகரின் குழுவாகிய "நிலக்கரிப் பிரபுக்கள்", அதாவது பிற்காலத்தில் பாரன்ஸ் என்று சுருக்கமாக வழங்கிய குழுவை அவர் விலைக்கு வாங்கினார். அக்காலத்துச் சிறுநகர மைதானங்கள் பெரும்பாலும் மரப்பலகையாலானவை. தீப்பற்றினால் ஒரு நாழிகையிற் சாம்பலாகிவிடும். 1909இல் பிலடெல்பியாவிலும் பிற்ஸ்பேர்க்கிலும் உருக்காலும் கொங்கிரீற்றாலும் அரங்குகள் எழுந்திருந்தன. அவைபோன்ற ஒன்றைத் தம் ஊரிலும் கட்ட வேண்டுமென வூட்வேர்ட் உறுதி கொண்டார். பிலடெல்பியாக் குழுவின் முகாமையாளரும் அவ்விளையாட்டின் பெரியாருமான கொனி மக் என்பவரையே அழைத்துக் களத்தின் அமைப்புக்கு ஆலோசனை பெற்றார். செலவு 75,000 டொலர் வரையில் ஆயிற்று. அரங்குக்குப் பெயர் சூட்டப் போட்டியொன்று நடத்தப்பட்டது. ரிக் என்பதையும் வூட்வேர்ட் என்பதன் முற்பகுதியையும் இணைத்து ரிக்வூட் என்ற பெயர் தெரிவாயிற்று. போட்டி நடத்தாமலே அந்த முடிவுக்கு வந்திருக்கலாம் என்று தோன்றினால் அது தவறாகாது.

1910ஆம் ஆண்டு ஒகஸ்ட் 18ஆந் திகதி திறப்பு விழா நடைபெற்றது. நகரிற் பல கடைகளும் அலுவலகங்களும் கதவடைத்தன. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். உரிமையாளர் வூட்வேர்ட் தாமே ஆட்டக்காரரின் சீருடை அணிந்து முதற் பந்தை எறிந்தார். மொண்ட்கோமரி நகரத்துக் குழுவைப் பேர்மிங்காம் குழு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது.

கட்டடம் பின்னர் சிறிது சிறிதாக வளர்ந்தது. கூரை வேய்ந்த இருக்கை மேடை வலப்புறமாக நீண்டது. 1928இல் ஸ்பானியப் பாணியில் வளைவுகளோடு கூடிய முகப்பு எழுந்தது. 1936இல் இரவு ஆட்டத்துக்கென மின்விளக்குக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. கூரையின் மேலிருந்து களத்தை எட்டிப் பார்ப்பவைபோல் முன்னோக்கி நீண்டு நிற்கும் அக்கோபுரங்களே ரிக்வூட்டின் அடையாளமாகிவிட்டன. சிக்காகோவின் ரிக்லி அரங்குக்கு மின்விளக்கு வந்தது 1988இலேதான் என்பதை எண்ணினால், இந்த உள்ளூர் மைதானம் ஒரு காலத்தில் எவ்வளவு புதுமை விரும்பியாக இருந்தது என்பது புலனாகும். வெளிக்களம் மிக விரிந்தது. 1948இல் வோல்ற் ட்ரோப்போ என்னும் பேருருவம் படைத்த வீரர் அடித்த பந்து 467 அடி தூரத்திலுள்ள கொங்கிரீற் மதிலில் மோதியது. மோதிய இடத்தை ஒரு பெருக்கற் குறியால் அடையாளமிட்டு வைத்தனர். பேப் ரூத் அங்கே காட்சியாட்டம் ஆடியபோது அவர் அடித்த பந்து ஓடும் புகையிரதத்தில் விழுந்து வேற்றூர் சென்றதென்றும் ஊரார் கூறுவர். ஆனால் மதிலிலே குறி இருப்பதுபோல் அக்கதைக்குச் சான்று எதுவுமில்லை.

வெள்ளையர் குழுவாகிய பாரன்ஸின் பெருநாள் 1931இல் வந்தது. தென்னாட்டின் இரு லீக்குகளில் வென்ற குழுக்கள் மோதும் டிக்சி தொடரின் முதல் ஆட்டம் ரிக்வூட்டில் நடந்தது. எதிரணியாகிய ஹியூஸ்ரனுக்குப் பந்தெறிந்தவர் டிஸி டீன் என்னும் 21 வயது இளைஞர். தம் திறமையைத் தாமே பறைசாற்றத் தயங்காதவர். பாரன்ஸின் பக்கம் நின்றவர் ரே கால்ட்வெல், வயது 43. பெரிய லீக்கில் ஆடிய காலத்தில், 1919இல், களத்தில் நின்றபடியே மின்னலால் தாக்குண்டு வீழ்ந்து, பின் எழுந்து ஆட்டத்தையும் முடித்துக் கொடுத்த மனிதர் அவர். இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கைகளிலும் கயிறு கட்டிய களத்தோரத்திலும் நெருங்கி நிற்க, கிழவர் ஒன்றுக்குச் சைபர் என்று வென்றார். தொடரையும் பேர்மிங்காமே கைப்பற்றியது.

அந்தக் காலத்திலே மைதானத்துக்கு வர இயலாதோருக்கு ஆட்டத்தைக் கொண்டு சென்றது வானொலி. பாரன்ஸ் குழு வெளியூரில் ஆடும்போது அறிவிப்பாளர் அங்கே செல்வதில்லை. தந்தி வழியாகச் சில சொற்களில் வரும் செய்தியை வாங்கி, தாம் நேரிற் கண்டவர்போல் அதனை விரித்துரைப்பார். தந்தியில் வருவது "அடித்தார், பிடிபட்டார்" என்ற அளவே. காற்றின் திசை, பந்தின் வளைவு, கூட்டத்தின் பெருமூச்சு எல்லாம் அறிவிப்பாளரின் கற்பனை. தந்திக் கம்பி சிறிது நேரம் மௌனமாகிவிட்டால் மட்டையாளர் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி ஒப்பேற்ற வேண்டியதுதான். இக்கலையில் பேர்மிங்காம் மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தவர் யூஜின் கொனர் என்பவர். "புல்", அதாவது காளை, என்பது அவருடைய பட்டப்பெயர். தந்தித் தொழில் பயின்றவராதலால் தட்டொலியை நேரே வாசிப்பார். கனத்த குரலில் நகைச்சுவையோடு பேசுவார். அக்குரலின் செல்வாக்கால் 1934இல் மாநிலச் சட்டசபைக்கும், 1937இல் நகரின் பொதுப் பாதுகாப்பு ஆணையாளர் பதவிக்கும் அவர் தெரிவு செய்யப்பட்டார். பொலிசும் தீயணைப்புப் படையும் அப்பதவிக்குக் கீழ்ப்பட்டவை. அவர் பெயர் மீண்டும் வரும்.

பாரன்ஸ் ஆட்டங்களைக் காணக் கறுப்பரும் வந்தனர். பணம் வாங்கிச் சீட்டுக் கொடுத்தார்கள். இருக்கை மட்டும் வலக்களத்துக்கு அப்பால், ஆட்டத்தின் நடுவிடத்திலிருந்து மிகத் தொலைவில் அமைந்த தனிப் படிக்கட்டுகளில். மட்டையில் பந்து படுவதைக் கண் கண்டபின்னரே ஓசை காதுக்கு எட்டும் தூரம் அது.

ஆனால் வாரத்திற் சில நாள்கள், சிறப்பாகப் பாரன்ஸ் வெளியூர் சென்ற ஞாயிற்றுக்கிழமைகளில், காட்சி தலைகீழாக மாறும். 1920இலே "பிளாக் பாரன்ஸ்", அதாவது கறுப்புப் பிரபுக்கள், என்னும் கறுப்பினத்தவரின் குழு தோன்றியது. வெள்ளையர் லீக்குகளில் கறுப்பருக்கு இடமில்லாத காரணத்தால் அவர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட, நீக்ரோ லீக்குகள் என அக்காலத்தில் வழங்கிய அமைப்பில் அக்குழு ஆடியது. அதற்குச் சொந்த மைதானம் இல்லை. ரிக்வூட்டை வாடகைக்கு எடுத்தனர். ஞாயிறு காலையில் தேவாலய வழிபாடு முடிந்ததும் மக்கள் அதே உடுப்போடு, தொப்பியும் கையுறையும் மினுங்கும் சப்பாத்துமாக, குடும்பத்தோடு மைதானத்துக்கு வருவர். கூரையின் நிழலிலுள்ள நல்ல இருக்கைகள் அன்று அவர்களுடையவை. ஆட்டத்தைக் காண வரும் வெள்ளையருக்கு ஒரு பகுதி கயிறு கட்டி ஒதுக்கப்படும். சட்டம் அன்றும் சட்டமே. ஒருவரோடொருவர் கலந்திருக்க அனுமதியில்லை.

பிளாக் பாரன்ஸில் ஆடியோர் சாதாரண ஆட்டக்காரரல்லர். அலபாமாவின் மொபீல் துறைமுகத்திலிருந்து வந்த சச்சல் பேஜ் 1927 முதல் சில ஆண்டுகள் அங்கே பந்தெறிந்தார். பந்தெறியும் கலையில் அவருக்கு இணையானோர் சிலரே என்பது பின்னர் இரு நிறத்தாரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் பெரிய லீக்கின் கதவு அவருக்குத் திறந்தபோது, 1948இல், அவருக்கு வயது 42 ஆகிவிட்டது. அக்குழு 1943, 1944, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளில் நீக்ரோ அமெரிக்க லீக்கின் வெற்றிக்கொடியை ஈட்டியது. பிற்காலத்தில் கிராமியப் பாடகராக உலகப் புகழ் பெற்ற சார்லி பிறைட்டும் 1950களில் அங்கு ஆடியவரே. வேறொரு குழு அவரையும் இன்னொரு வீரரையும் பேர்மிங்காமுக்குக் கொடுத்து, மாற்றாகப் பழைய பேருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டது. ஊர் ஊராகப் பேருந்திலேயே உண்டு உறங்கி வாழ்ந்த அக்குழுக்களுக்குப் பேருந்தின் அருமை தெரியும்.

1948ஆம் ஆண்டுக் கோடையில் பைப்பர் டேவிஸ் என்பவர் குழுவின் வீரரும் முகாமையாளருமாக இருந்தார். நகரின் இரும்புக் குழாய்த் தொழிற்சாலைக் குழுவில் ஆடிப் பழகியவர். அவர் தம் பழைய நண்பரொருவரின் மகனைக் களத்துக்கு அழைத்து வந்தார். பையனுக்கு வயது 17. தந்தை உருக்காலைத் தொழிலாளி. தொழிற்சாலை லீக்குகளில் சிறந்த ஆட்டக்காரர். மகன் உயர்நிலைப் பாடசாலையிற் சலவைத் தொழில் பயின்றுகொண்டிருந்தான். படிப்பைக் கெடுக்கக் கூடாதென்பது டேவிஸின் நிபந்தனை. ஆகவே பாடசாலை நடக்கும் காலத்தில் விடுமுறை நாள்களில் மட்டுமே அவன் ஆடினான். அவன் பெயர் வில்லி மேய்ஸ்.

ரிக்வூட்டின் பரந்த நடுக்களம் அவனுக்கு வாய்ப்பாக அமைந்தது. மற்றவர்கள் எட்ட முடியாத பந்துகளை ஓடிப் பிடித்து, அங்கிருந்தே நேர்கோடாக எறிவான். அவ்வாண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி, நீக்ரோ உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் அங்கே நடந்தது. எதிரணி ஹோம்ஸ்ரெட் கிறேஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் மேய்ஸ் அடித்த அடி வெற்றி ஓட்டத்தைக் கொண்டுவந்தது. ஆட்டம் நான்குக்கு மூன்று. பந்தெறிந்து அவ்வெற்றிக்கு உரியவரானவர் பில் கிறீசன் என்னும் 24 வயது இளைஞர். பசிபிக் போரில் இவோ ஜீமாத் தீவிலே போரிட்டுத் திரும்பியவர். தொடரில் பேர்மிங்காம் வென்ற ஆட்டம் அது ஒன்றே. அந்தத் தொடரும் நீக்ரோ உலகத் தொடர்களுள் இறுதியானதாயிற்று. முந்திய ஆண்டு ஜக்கி றொபின்சன் புரூக்ளின் குழுவிற் சேர்ந்து பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்துவிட்டமையால், கறுப்பின இரசிகரின் பார்வையும் பத்திரிகைகளின் பார்வையும் அப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தன.

அக்காலத்தில் பாரன்ஸ் குழு பொஸ்ரன் றெட் சொக்ஸின் பயிற்சிக் குழுவாக இருந்தது. அதாவது பொஸ்ரன் குழுவினர் ரிக்வூட்டுக்கு அடிக்கடி வந்து போயினர். அதே புற்றரையில் மேய்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். அவர்கள் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. 1950இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் குழுவே அவரை ஒப்பந்தம் செய்தது. பொஸ்ரன் கறுப்பினத்தவர் ஒருவரைக் களமிறக்கியது 1959இலே. பெரிய லீக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பின்னர். மேய்ஸ் தம் வாழ்நாளில் 660 ஹோம் ரன் அடித்தார். பொஸ்ரன் இழந்தது எவ்வளவு என்பதை எண்ணிக்கொண்டு இருப்பதில் அவ்வூர் முதியோர் இன்னும் சளைக்கவில்லையென்றால் வியப்பில்லை.

பேர்மிங்காமிலோ காலம் பின்னோக்கி நகர்ந்தது. 1944ஆம் ஆண்டின் நகரச் சட்டத்தொகுப்பில், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து சீட்டோ தாயமோ சதுரங்கப் பலகையில் காய் நகர்த்தும் ஆட்டமோ ஆடலாகாது என்ற விதி இருந்தது. 1950இல் தளப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் ஆகியவற்றின் பெயர்களையும் அதிற் சேர்த்தனர். அமெரிக்காவின் பெரிய குழுக்களில் கறுப்பினத்தவர் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. காட்சியாட்டத்துக்கு வரும் குழுக்கள் பேர்மிங்காமில் மட்டும் தம் வீரரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வருமானம் போகிறதென்று கண்டு 1954 தொடக்கத்தில் நகரசபை அவ்விதியைத் தளர்த்தியது. அவ்வசந்த காலத்தில் றொபின்சன் ரிக்வூட்டில் ஆடினார். சில கிழமைகளே கழிந்தன. யூன் மாதத்தில் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மையால் விதியை மீண்டும் உயிர்ப்பித்தனர். வாக்காளர் பட்டியலிற் கறுப்பர் எத்தனை பேர் இருந்தனர் என்பதை மேலே கூறிய 1901ஆம் ஆண்டு நினைவூட்டும்.

1961இன் இறுதியில் இரு செய்திகள் ஒன்றாக வந்தன. பூங்காக்களிலும் விளையாட்டிடங்களிலும் நிறப்பிரிவினை கூடாதென்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவரைச் சேர்ப்பதிலும் லீக்கே இல்லாமற் போவது மேல் என்ற நிலையில் இருந்த தென்னக லீக்கும் அவ்வாண்டோடு கலைந்தது. பேர்மிங்காம் நகரசபை தீர்ப்புக்குப் பணிந்து வாயிலைத் திறக்கவில்லை, பூங்காக்களையே பூட்டியது. பிள்ளைகள் ஊஞ்சலாடும் இடங்களும் அவற்றுள் அடங்கும். ரிக்வூட்டில் 1962, 1963 ஆகிய இரண்டாண்டும் பாரன்ஸ் குழு ஆடவில்லை. பிளாக் பாரன்ஸும் அக்கால எல்லையிலே மறைந்தது.

அம்மௌனமான ஆண்டுகளிலேதான் பேர்மிங்காம் என்ற பெயர் உலகெங்கும் ஒலித்தது. 1963 மே மாதத்தில், சம உரிமை கோரி ஊர்வலமாக வந்த பாடசாலைச் சிறுவர் சிறுமியர்மீது தீயணைப்புக் குழாய்களின் நீர் பீறிட்டது. பொலிஸ் நாய்கள் ஏவப்பட்டன. ஆணையிட்டவர் பாதுகாப்பு ஆணையாளர் புல் கொனர். ஒரு தலைமுறை முன்னர் கோடை மாலைகளில், மக்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, எங்கோ தொலைவில் நடந்த ஆட்டத்தைக் கண்முன் கண்டதுபோல் உணரச் செய்த அதே குரல். செப்டெம்பர் 15ஆந் திகதி, பதினாறாம் வீதித் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரின் உயிரைக் குடித்தது.

ஏழு மாதங்களின் பின், 1964 வசந்தத்தில், ரிக்வூட் வாயில் திறந்தது. பாரன்ஸ் கன்சாஸ் நகரக் குழுவின் பயிற்சிக் குழுவாக மறுபிறப்பெடுத்தது. அக்குழுவின் உரிமையாளராகிய சார்ள்ஸ் பின்லி பேர்மிங்காம் பகுதியிற் பிறந்தவர். சிறுவயதில் ரிக்வூட்டிலே பாரன்ஸ் வீரருக்கு மட்டை எடுத்துக் கொடுத்தவர். இம்முறை குழுவிலே வெள்ளையரும் கறுப்பரும் கியூபாவிலிருந்து வந்தோரும் கலந்திருந்தனர். அலபாமாவில் அவ்வாறு கலந்து ஆடிய முதல் தொழில்முறைக் குழு அதுவே. வலக்களத்துத் தனிப் படிக்கட்டில் உட்காரும்படி எவரும் பணிக்கப்படவில்லை. பயந்தவர்கள் எதிர்பார்த்த கலகம் எதுவும் நிகழவில்லை. மக்கள் சீட்டு வாங்கினர், வறுத்த நிலக்கடலை தின்றனர், நடுவரைத் திட்டினர்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டன என்று கொள்ளல் ஆகாது. 1967இல் அங்கு ஆடிய இளைஞர் றெஜி ஜக்சன், பிற்காலத்தில் பெருவீரரானவர். உணவகங்களிலும் விடுதிகளிலும் தம்மை உள்ளே விட மறுத்ததையும், வெள்ளைத் தோழர் சிலர் தமக்காக அவ்விடங்களை விட்டு எழுந்து வந்ததையும் 57 ஆண்டுகளுக்குப் பின்னர், அதே மைதானத்தில் அமர்ந்து, தொலைக்காட்சியில் விவரித்தார். பழைய வீரரிடம் இனிய நினைவுகளை எதிர்பார்த்துக் கேட்ட கேள்விக்கு அவர் அளித்த மறுமொழி அது.

இரும்பு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மக்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். 1987இல் பாரன்ஸ் தன் லீக்கின் வெற்றிக்கொடியை ஈட்டிவிட்டு, மறு ஆண்டு ஹூவர் என்னும் புறநகரின் புதிய அரங்குக்குச் சென்றுவிட்டது. கைவிடப்பட்ட மைதானத்தை இடித்து வேறொன்று கட்டும் அளவுக்கு அந்நிலத்தின்மீது எவரும் ஆசைப்படவில்லை. வறுமை சில வேளைகளிற் சிறந்த காவலன். நியூயோர்க்கிலும் பிற்ஸ்பேர்க்கிலும் பிலடெல்பியாவிலும் ரிக்வூட்டுக்கு முன்மாதிரியாயிருந்த அரங்குகளும் அவற்றையொத்தனவும் செல்வத்தின் நெருக்கடியால் தகர்க்கப்பட்டன. செல்வம் விலகிப்போன இடத்தில் ரிக்வூட் துருப்பிடித்தபடி நின்றது. 1992இல் ஊரவர் சிலர் "ரிக்வூட்டின் நண்பர்கள்" என்ற கழகத்தை அமைத்தனர். அடுத்த ஆண்டு அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. திரைப்படக்காரரும் வந்தனர்; பழங்காலத்தைக் காட்ட அவர்கள் வேலியில் தீட்டிய பொய் விளம்பரங்களைக் கழகத்தார் அழிக்காமல் விட்டுவைத்தனர். 1996 முதல் ஆண்டுக்கொரு முறை பாரன்ஸ் பழைய பாணிச் சீருடை அணிந்து தன் பழைய வீட்டில் ஓர் ஆட்டம் ஆடும் வழக்கமும் தோன்றியது. மற்ற நாள்களில் மைல்ஸ் கல்லூரியின் மாணவரும் பாடசாலைப் பிள்ளைகளும் ஆடினர்.

2020 டிசம்பரில் அமெரிக்கத் தளப்பந்தாட்ட ஆட்சிப்பீடம் ஒரு முடிவை அறிவித்தது. 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீக்குகள் ஏழும் பெரிய லீக்குகளே என்பது அம்முடிவு. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்குகள் பொதுக் கணக்கேட்டிற் சேர்க்கப்பட்டன. அதனால் வில்லி மேய்ஸின் வெற்றி அடிகள் 3,283 என்றிருந்தவை 3,293 ஆயின. மேலதிகமான பத்தும் 1948இல் பிளாக் பாரன்ஸ் சீருடையில் அடித்தவை. இம்முடிவைச் சற்று ஊன்றி நோக்கினால் ரிக்வூட்டின் வரலாறே புரண்டு படுக்கிறது. நல்ல நாள்களையெல்லாம் தமக்கென வைத்துக்கொண்ட வெள்ளையர் குழு கடைசிவரை சிறிய லீக்குக் குழுவே. எஞ்சிய நாள்களுக்கு வாடகை செலுத்தி ஆடியவர்களே அந்த மைதானத்தின் பெரிய லீக் வீரர்கள்.

அதே 2024இல், யூன் 20ஆந் திகதி, பழைய நீக்ரோ லீக்குகளை நினைவுகூர்வதற்காக ரிக்வூட்டில் ஜயன்ற்ஸ் குழுவும் சென்லூயிஸ் காடினல்ஸ் குழுவும் மோதுவதென ஏற்பாடாயிற்று. களம் தோண்டிச் சீராக்கப்பட்டது, வடிகால்கள் புதுப்பிக்கப்பட்டன. 93 வயதான மேய்ஸ் தம்மாற் பயணம் செய்ய இயலாதென அறிவித்தார். இரு நாள் முன்னர், யூன் 18ஆந் திகதி, ரிக்வூட்டிற் பாரன்ஸ் குழு மொண்ட்கோமரிக் குழுவோடு ஆடிக்கொண்டிருந்தது. 1910இலே திறப்பு விழாவில் ஆடிய அதே இரு நகரங்கள். ஆட்டத்தின் நடுவே கலிபோர்னியாவிலிருந்து மேய்ஸ் இறந்த செய்தி வந்தது. ஆட்டம் நின்றது. அவர் பதினேழு வயதில் ஓடித் திரிந்த நடுக்களத்தை நோக்கிக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இருபதாந் திகதி மாலை முதற் பந்தை எறிய ஒரு முதியவர் அழைத்து வரப்பட்டார். 1948இல் அக்களத்தில் நீக்ரோ உலகத் தொடரின் இறுதி ஆண்டில் வென்ற பில் கிறீசன் அவர். இடையிலே காடினல்ஸ் குழுவின் முதற் கறுப்பினப் பந்தெறிவாளராக 1954இல் சில நாள் ஆடியிருந்தார். பின்னர் பேர்மிங்காமிலேயே தேவாலயப் போதகராக நெடுங்காலம் பணி புரிந்தவர். வயது 99. அன்று களத்தில் நின்ற நடுவர் அனைவரும் கறுப்பினத்தவர்; பெரிய லீக் வரலாற்றில் அவ்வாறு அமைந்தது அதுவே முதல் முறை. கிறீசன் கையை உயர்த்திப் பந்தை எறிந்தார். விளக்குக் கோபுரங்களின் கீழ் ஆட்டம் தொடங்கிற்று. காடினல்ஸ் ஆறுக்கு ஐந்து என வென்றது.